திருத்தாமல் வைத்த குரல்

மன்னித்துக்கொள். உனக்கு எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று யோசித்தே பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. உன் வீட்டில் இருப்பவர்களே உன்னைப் பற்றி அதிகம் பேசாமல் இருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரி நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? அடுத்தவர்கள் பேசியதைக் கேட்டு அடித்துக் கொடுத்தே பழகிவிட்டேன். சொந்தமாக ஒரு பத்தி என்றால் கை நின்றுவிடுகிறது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை என் ஹெட்ஃபோனின் இடது காது உறை கிழிந்துவிட்டது. நீ தைத்துக் கொடுத்த உறை. பழைய ஸ்பாஞ்சு உரிந்து, கறுப்புப் பொடியாக எல்லார் காதிலும் ஒட்டிக்கொண்டிருந்த மழைக்காலத்தில், எங்கள் அப்பா தறியில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்தாய். எனக்கு மாம்பழ நிறம், உனக்கு அரக்கு. டீம் லீடர் பார்த்துவிட்டு, "என்னம்மா, காதுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். "ஆமா சார், மாப்ள கனடா" என்றாய் நீ.

கிழிந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டே அடுத்த ஒலி ஃபைலைத் திறந்தேன். நியூஃபவுண்ட்லாந்து. பனிக்காலம் முழுவதும் தனியாகவா இருக்கப் போகிறீர்கள் என்று ஒரு வயதான அம்மாவை யாரோ கேட்கிறார்கள். அந்த அம்மா வார்த்தையாக எதுவும் சொல்லவில்லை. சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பி, "கேட்டியா" என்றேன். உன் நாற்காலியில் இப்போது போளூரிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "என்னக்கா?" என்றாள். "ஒன்னுமில்லம்மா" என்றேன். அந்த 'ஒன்னுமில்ல'தான் இப்போது இவ்வளவு நீளமாக வருகிறது.

நாம் சேர்ந்த புதிதை நினைத்துக்கொள்கிறேன். ஆரணியில் அரிசி மண்டிக்கு மேலே அந்த மாடி. ஜன்னலைத் திறந்தால் அவித்த நெல்லின் வாசனை, மூடினால் புழுக்கம். கனடாவில் எங்கோ நடந்த ஊர்க் கூட்டங்கள், விவசாயிகள் சங்கப் பேச்சு, வயதானவர்களின் பழைய கதைகள், அதிகாரிகள் வந்து மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் எல்லாம் ஒலியாக வரும். நாம் கேட்டு எழுத்தாக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு பெடல். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். எங்கள் அப்பாவும் கூலிக்கு நெய்கிற இடத்தில் நாள் முழுவதும் மிதிக்கிறவர்தான். "உங்க வூட்ல அப்பனும் பொண்ணும் கால்லயே பொழைக்கிறீங்கடி" என்று நீ சொன்னதை வீட்டில் சொன்னேன். அப்பா அன்று முழுவதும் சிரித்தார்.

பிரெஞ்சு பேசும் மாகாணத்து ஃபைல்கள் வேறு எங்கோ போய்விடும். நமக்கு வந்தது மீதி எல்லாம். "இங்கிலீஷ் பேசற இடம் மட்டும்தான், ஈஸி" என்று டீம் லீடர் முதல் நாளே சொன்னார். நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்கு இங்கிலீஷ் என்றால் புத்தகத்தில் இருந்த ஒன்றுதான். அதைப் பேசப் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள் என்றும், தப்பாகப் பேசுவது நாம் மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு சீக்கிரமே போய்விட்டது. சஸ்காட்செவனில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். பிள்ளைகள் 'முயல் அணைப்பை'ப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று ஓர் அம்மா குறைப்பட்டார். நான் பயந்துபோய் உன்னைப் பார்த்தேன். நீ தேடிப் பார்த்துச் சொன்னாய், அது தலையை மூடும் குல்லா வைத்த ஸ்வெட்டராம். அந்த மாகாணத்தில் மட்டும்தான் அந்தப் பெயராம். எல்லை தாண்டினால் பக்கத்து மாகாணத்துக்காரனே சிரிப்பானாம். வடக்கே யூகானில் இருப்பவர்கள் மீதி நாடு முழுவதையும் 'வெளியே' என்றுதான் சொன்னார்கள். "பையன் வெளியே படிக்கிறான்" என்றால் வேறு மாகாணத்தில் படிக்கிறான் என்று பொருள். இளவரசர் எட்வர்ட் தீவில், பக்கத்துக் கரையிலிருந்து வந்து குடியேறி வாழ்நாள் முழுவதும் இருந்தவரையும் 'தூரத்துக்காரர்' என்றார்கள். கேப் பிரெட்டனில் ஒரு கிழவர், தன்னிடம் கேள்வி கேட்க வந்த பெண்ணைப் பார்த்து முதலில் கேட்டது, "உங்கப்பா யாரு?" நீ மேசையைத் தட்டினாய்.

"இது நம்ம ஊருடி. நீ யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சிகினுதான் தண்ணியே குடுப்பாங்க."

அதிலிருந்துதான் உன் விளையாட்டு தொடங்கியது. ஃபைலின் தலைப்பைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் காதால் மட்டும் கேட்டுவிட்டு எந்த மாகாணம் என்று சொல்ல வேண்டும். அதோடு விட்டாயா? நம் பக்கத்தில் அது எந்த ஊர் என்றும் சொல்ல வேண்டும். சஸ்காட்செவன் பெரணமல்லூர் பக்கம் என்றாய். வயலைப் பற்றியும் மழையைப் பற்றியும் தவிர வேறு பேச்சு இல்லை என்பதால். யூகான் ஜவ்வாது மலை, கீழே இருப்பவர்கள் எல்லாரும் அவர்களுக்கு வெளியாட்கள். ஒண்டாரியோ மெட்ராஸ். "அவுங்க பேசறதுதான் பேச்சுன்னு நெனச்சிகினு இருக்காங்க பாரு" என்றாய். அதில் நியாயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதே ஒண்டாரியோவின் வடக்கிலிருந்து ஒருவர் வந்து வேறு மாதிரி பேசியபோது, "சரி, மெட்ராஸ்லயும் காசிமேடு இல்லியா" என்று சமாளித்தாய்.

நியூஃபவுண்ட்லாந்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது உன் ஊர், படவேடு. ஒதுங்கிக் கிடக்கும் ஊர்கள், அவ்வப்போது வரும் படகு, முன்பின் தெரியாதவரையும் 'கண்ணே' என்று கூப்பிடும் கடைக்கார அம்மாக்கள். கனடா நேரம் காட்ட ஆபீஸ் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டினார்களே, எல்லாவற்றிலும் பெரிய முள் நம் கடிகாரத்து முள்ளுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். நியூஃபவுண்ட்லாந்து கடிகாரத்தில் மட்டும் பெரிய முள் நம் முள் நிற்கும் அதே இடத்தில் நிற்கும். அவர்களும் நம்மைப் போலவே அரை மணி தள்ளி நேரம் வைத்திருக்கிறார்கள். "எடக்கு புடிச்ச ஊருடி, எனக்குப் புடிச்சிருக்கு" என்றாய்.

நமக்குக் கொடுத்திருந்த விதிகளில் முக்கியமானது 'கிளீன்' பண்ணித் தருவது. இருமல், தும்மல், மூச்சு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். திக்கலைத் திருத்த வேண்டும். நாடு முழுவதும் படிக்கும்படியான இங்கிலீஷாக்கிக் கொடுக்க வேண்டும். நான் விதி என்றால் விதி என்று இருப்பவள். மாதக்கணக்கில் நல்ல பெண்ணாக எல்லாவற்றையும் நீக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு நியூஃபவுண்ட்லாந்தின் ஒரு துறைமுக ஊரிலிருந்து ஃபைல் வந்தது. சின்ன ஊர். படகுப் போக்குவரத்தை நிறுத்தப்போகிறார்கள். வேறு ஊருக்குப் போக விருப்பமா, இங்கேயே இருக்க விருப்பமா என்று ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருகிறார். ஒரு பாட்டியிடம், "இங்கேயே இருக்கத்தான் விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். ஒரு மூச்சு. அதிகாரி, "சரிங்க, நன்றி" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். நான் மூச்சை நீக்கி, 'பதில் இல்லை' என்று அடித்தேன். சரி பார்ப்பதற்காக அது உன்னிடம் வந்தது. நீ பெடலிலிருந்து காலை எடுத்தாய்.

"இவங்க பதிலே சொல்லலியா?"

"இல்ல, பேசல" என்றேன்.

"பேசலன்னா அந்த ஆபீசர் எப்படி அடுத்த ஆளுக்குப் போறாரு? பதில் வாங்காம எந்த ஆபீசருடி வுட்டுட்டுப் போயிருக்காரு?"

திரும்பத் திரும்ப ஓட்டினாய். பிறகு பழைய ஃபைல்களைத் திறந்தாய். அங்கேயும் மூச்சு. ஒவ்வொன்றும் 'ஆமாம்' வர வேண்டிய இடத்தில். அன்று மாலை உன் கடைசி பஸ்ஸுக்கு ஓடவேண்டிய நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "இது ஆமாடி. நம்ம மாதிரி வெளிய வுடாம உள்ள இழுத்து ஆமான்றாங்க. நாம இத்தினி நாளா அவுங்க ஆமாவத் தொடச்சிகினு இருந்திருக்கோம்."

மறுநாள் டீம் லீடரிடம் போனோம். நீ முன்னால், நான் உனக்குப் பின்னால். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"மூச்சு டைப் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு பாருங்க. நீங்க என்ன டாக்டரா, மூச்சு செக் பண்றதுக்கு?"

"சார், எங்க மாமியா ஏதாச்சும் புடிக்கலன்னா நாக்கால 'ச்சு'ன்னு ஒரு சத்தம் வுடும். அது இல்லன்னு அர்த்தம். நீங்க அத வெட்டிட்டுப் படிச்சீங்கன்னா எங்க மாமியா எல்லாத்துக்கும் ஒத்துகினா மாதிரி ஆயிடும். அந்தப் பழி உங்களுக்கு வேணுமா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். கனடாவுக்கே கேட்டு எழுதுங்கள், பதில் வந்தால் பார்க்கலாம் என்றார். எழுத வேண்டியது என் வேலையாயிற்று. "நீ எழுது, நான் பேசறேன்" என்று நாம் எப்போதோ பிரித்துக்கொண்டதுதானே. அந்த மின்னஞ்சலை எத்தனை முறை திருத்தினேன் என்று உனக்குத் தெரியும். அங்கிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது. எழுதியவர் அந்தப் பக்கத்துக்காரர். தன் அம்மாவும் அப்படித்தான் ஆமாம் சொல்வார் என்றும், பழைய ஃபைல்களிலும் அவற்றைச் சேர்த்துத் தரும்படியும் கேட்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முடித்த ஃபைல்கள் அத்தனையையும் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஆபீஸே உன்னைத் திட்டியது. 'மூச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மூச்சு வந்துட்டாடா, யாரும் மூச்சு வுடாதீங்க" என்பார்கள். நீ எல்லாருக்கும் வடை வாங்கி வந்து வைத்துவிட்டு, "தின்னுங்க, சத்தமா மென்னா டைப் பண்ணிடுவேன்" என்றாய்.

அந்த ஊரின் படகு நின்றதா, அந்தப் பாட்டி எங்கே போனார், எதுவும் நமக்குத் தெரியாது. நமக்கு எப்போதும் நடுவில் ஒரு துண்டுதானே வரும். நான் அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது நீ சொன்னது: "போட்டு நின்னுதோ இல்லியோ, அவுங்க சொன்னது காயிதத்துல கீது." உன் வாயிலிருந்து வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

சென்னையில் ஒரு நேர்காணலில் 'வந்துகினு இருந்தேன்' என்று நான் சொல்லி, எதிரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு வெளியிடத்தில் நான் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. திறந்தாலும் புத்தகம் போலப் பேசினேன். இப்போதும் அப்படித்தான். நீ அதைக் கேலி செய்யவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "திருத்தறது தப்பில்லடி. யாரு பேசனாங்கன்னே தெரியாத அளவுக்குத் திருத்தறாங்க பாரு, அதுதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய்.

நாள் முழுவதும் அடித்த கையால் எனக்கு வேறு அடிக்க வேண்டுமா என்று நீ எனக்கு எதையும் எழுதி அனுப்பியதில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல்தான். காலையில் படவேட்டிலிருந்து பஸ் ஏறினால் ஆரணி வரும்வரை உன் பேச்சு ஓடும். கண்டக்டரைத் திட்டுவாய். பக்கத்து சீட்டில் கோழியோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்வாய், அவருக்கே கேட்கும்படி. உன் பாப்பா இட்லியை எங்கே ஒளித்து வைத்தாள், மாமியார் என்ன சொன்னார், நீ என்ன சொல்லவில்லை, எல்லாம். நான் பதிலுக்குத் தட்டச்சில் ஒரு வரி அனுப்புவேன். "வாயத் தொறந்து பேசினா முத்து கொட்டிடுமா?" என்பாய். ஒரு முறைகூட நான் குரல் அனுப்பவில்லை.

பிறகு உன் வயிற்றில் அந்தக் கட்டி. முதலில் விடுப்பு, பிறகு வேலூர் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. பஸ் சத்தத்துக்குப் பதில் உன் குரலுக்குப் பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நீ அங்கேயும் ஊர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாய். "பக்கத்து பெட் அக்கா சித்தூருடி, தமிழும் தெலுங்கும் ஒரே வாயில வருது" என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சும் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் வராமலே போனது.

போன மாதம் அண்ணன், உன் வீட்டுக்காரர், லோடு வண்டியை மண்டி முன்னால் நிறுத்திவிட்டு, மாடிக்கு வராமல் கீழேயிருந்து போன் செய்தார். இறங்கிப் போனேன்.

"தங்கச்சி, ஒரு உதவி. பாப்பாவ ஸ்கூல்ல அம்மாவப் பத்திப் பேசச் சொன்னாங்களாம். இவ எழுந்து நின்னு, எங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது மிஸ்னு சொல்லிட்டு உக்காந்துட்டாளாம்."

வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னார்.

"போட்டோ நெறய கீது. பேச்சுதான் இல்ல. எனக்கு போன்தான் பண்ணுவா, வாய்ஸ் போட மாட்டா. அவ பேசனதெல்லாம் உங்கிட்டதான் கீது. நல்லதா எடுத்து ஒண்ணா சேத்துக் குடும்மா. திட்டனது, எங்கம்மாவப் பத்திச் சொன்னது, அழுதது, அதெல்லாம் வேணாம். கொழந்த கேக்கறது. எங்கம்மாவும் வூட்லதான் இருக்காங்க."

சரி என்றேன். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பாப்பா ஒன்றாம் வகுப்பு போகிறாள். உன் நெற்றி, உன் பல். பேச்சு மட்டும் உன்னுடையது இல்லை. அண்ணன், "லாரி வந்துகினு கீது, நான் கெளம்பறேன்" என்று எழுந்தார். அவள், "அப்பா, அப்படிச் சொல்லக் கூடாது. வந்துட்டு இருக்குன்னு சொல்லணும். மிஸ் சொன்னாங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அவள் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா 'கினு' சொல்வாங்களா?"

"நெறய சொல்வாங்க."

"எப்படி? நீங்க சொல்லிக் காட்டுங்க."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. உன் வார்த்தைகள் அத்தனையும் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் இழுப்பாய், எங்கே சிரிப்பைப் பாதியில் நிறுத்துவாய் என்பதுகூடத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது பாடப் புத்தகம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல ஆண்ட்டி" என்று விளையாடப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து முதலில் அண்ணன் கேட்டபடியே செய்தேன். பிறந்த நாளுக்கு வாழ்த்திய குரல், மழையைப் பற்றிப் பேசியது, பாப்பா முதன்முதலாகப் பால்வாடிக்குப் போன கதை. திட்டை வெட்டினேன். திட்டுக்கு முன்னால் வரும் பெருமூச்சை வெட்டினேன். மாமியார் வந்த இடமெல்லாம் போயிற்று. அழுகை போயிற்று. எல்லாவற்றையும் ஒட்டிக் கேட்டேன். யாரோ ஒரு நல்ல பெண் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர்க்காரியாகவும் இருக்கலாம். யாரோடும் சண்டை போடாதவள், பஸ்ஸில் ஒரு நாளும் நின்றுகொண்டு வராதவள். அந்தப் பெண்ணைப் பாப்பா அம்மா என்று நம்பிவிடுவாள். வேறு எப்படித் தெரியப்போகிறது அவளுக்கு?

அடுத்த ஞாயிறு மறுபடி போய், பாப்பா பக்கத்து வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, அண்ணனிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். பாதியில் நின்றுவிட்டேன். "கேட்டுப் பாருங்க" என்று போனை வைத்தேன். அவசரத்தில் நான் எடுக்க நினைத்தது ஒன்று, ஓடியது வேறு ஒன்று.

"எங்க மாமியா இன்னிக்கு ரசத்துல உப்ப அள்ளிக் கொட்டிட்டு, நான்தான் போட்டேன்னு சாதிக்கிறா. அந்தம்மாவுக்குக் கண்ணும் தெரியல, ஒத்துக்கற கொணமும் இல்ல. நான் வாய மூடிகினு வந்துட்டேன். மூடினதுல பல்லு வலிக்குது."

அண்ணனின் முகம் சுருங்கியது. சட்டென்று கை நீட்டி நிறுத்தினார். உன் மாமியார் முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு வாசற்படியருகே உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. அரிசியில் எதையோ தேடிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு உப்பு போட்டது நான் இல்ல. அவதான் போட்டா."

ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"இன்னொரு தபா போடு" என்றார்.

போட்டேன். முழுவதும் கேட்டார். முடிந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு தெரியலியாம் எனக்கு. இருக்கட்டும். நான் அவளத் திட்டனது எந்த போன்லயும் இல்லியே. அவளாவது திட்டிகினு இருக்கட்டும்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "வெட்டாதன்னு சொல்லுடா அந்தப் பொண்ணுகிட்ட" என்றார். நான் அங்கேயே, அவருக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "அப்போ எல்லாத்தையும் குடுத்துடும்மா. அவ எப்படிப் பேசனாளோ அப்படியே."

அப்படியேதான் சேர்த்து வைத்திருக்கிறேன். கண்டக்டர் இருக்கிறார், கோழிக்காரர் இருக்கிறார், நீ அழுதது இருக்கிறது. என்னைத் திட்டியதும் இருக்கிறது. இருமலைக்கூட எடுக்கவில்லை. வேண்டுமென்றால் பாப்பா படித்துக்கொள்ளட்டும் என்று எழுத்திலும் அடித்திருக்கிறேன், நீ சொன்ன சொல் மாறாமல். எந்த ஊரைத் தாண்டும்போது எதைப் பேசினாய் என்று, எனக்குத் தெரிந்தவரை ஓரத்தில் குறித்திருக்கிறேன். இந்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உன்னிடம் ஒன்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கேட்டிருக்கலாம், எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

வேலூரிலிருந்து ஒரு விடியற்காலை அனுப்பினாயே, அது. அதில் நீ அழவில்லை, சண்டை போடவில்லை. ரொம்ப நிதானமாகத்தான் சொன்னாய்: "பாப்பா என்னை மறந்துடணும்டி. ஜல்தியா மறந்துடணும். ஞாபகம் வெச்சிகினு அழுதுகினு இருந்தான்னா, நான் எங்க போனாலும் எனக்குப் பேஜாருதான்." நான் வழக்கம்போல, 'அப்படியெல்லாம் சொல்லாதே' என்று தட்டச்சில் ஒரு வரி அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி காட்டியது.

அதை அழிக்க மாட்டேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். நீ எந்த மனதோடு அதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மிஸ் சொன்னார் என்பதற்காகத் தன் வாயிலிருந்த சொல்லையே விட்டுவிட்ட பிள்ளை அவள். அம்மா மறக்கச் சொன்னாள் என்று கேட்டால், உட்கார்ந்து மறக்க முயற்சி செய்வாள். எல்லாவற்றையும் அப்படியே கொடு என்றுதான் நீ சொல்வாய். அந்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் நானே வெச்சிகினு இருக்கேன்டி, வுடு.